சண்டை போடு, மாத்திரை போடு, லைட்டைப் போடு: ஆங்கில வினைகளைத் துணையோடு சேர்த்துக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

தோசையைச் சுடுகிறோம். இட்லியை அவிக்கிறோம். குழம்பை வைக்கிறோம், காபியைப் போடுகிறோம், சோற்றை வடிக்கிறோம், அப்பளத்தைப் பொரிக்கிறோம். எல்லாமே அடுப்படி வேலைதான், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை. யாராவது ‘காபி சமைத்தேன்’ என்று சொன்னால் நமக்குப் புரியும். இலக்கணத்திலும் பிழை இருக்காது. ஆனால் சொன்னவர் தமிழைப் பின்னால் கற்றுக்கொண்டவர் என்று அப்போதே தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் இதை வினைமரபு என்று படித்தோம். கூடை முடைந்தான், பானை வனைந்தான், சுவர் எழுப்பினான், மாலை தொடுத்தாள், அம்பு எய்தான். பானையை ஏன் முடையக் கூடாது என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாது. பெரியவர்கள் எந்தப் பொருளை எந்தச் சொல்லால் சொல்லி வந்தார்களோ அப்படியே சொல்வதுதான் மரபு என்கிறது நன்னூல். ஆங்கிலத்திலும் இதே கதைதான். அங்கே அதற்குப் பெயர் கொலொகேஷன். நாம் சொற்சேர்க்கை என்று வைத்துக்கொள்ளலாம். ‘அவன் சேர்க்கை சரியில்லை’ என்று வீட்டில் சொல்வார்களே, அந்தச் சேர்க்கைதான்.

இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு லண்டனுக்குத் திரும்பியவர். 1934-இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் சுருக்கமாக எழுதியிருக்கிறார். ஒரு சொல் யாரோடு பழகுகிறது என்பதைப் பார்த்தால்தான் அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ள முடியும் என்பது 1957-இல் அவர் எழுதியதன் சாரம்.

இலக்கணம் ஓரளவுக்குத் தெரியும், சொற்களும் தெரியும், ஆனாலும் பேசினால் ஏதோ ஒட்டவில்லை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். படிக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். சேர்க்கை கண்ணைவிடக் காதில் சீக்கிரம் பதியும்.

முதல் படி: வினையை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள்

‘போடு’ என்றால் என்ன அர்த்தம்? சண்டை போடு, கையெழுத்துப் போடு, கோலம் போடு, சட்டை போடு, மாத்திரை போடு, குட்டித் தூக்கம் போடு, லைட்டைப் போடு. ஏழு இடத்திலும் ஒரே சொல். ஆனால் ‘போடு’ தனியாக எந்த அர்த்தத்தையும் சுமக்கவில்லை. அர்த்தம் முழுவதும் அதற்கு முன்னால் நிற்கும் பெயரில் இருக்கிறது.

இப்போது இதே ஏழையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். சண்டைக்கு ‘ஹேவ் எ ஃபைட்’. கையெழுத்துக்கு வெறும் ‘சைன்’ போதும்; ‘புட் எ சைன்’ என்றால் பலகை வைப்பது போல ஆகிவிடும். கோலத்துக்கு ‘ட்ரா’, சட்டைக்கு ‘புட் ஆன்’, மாத்திரைக்கு ‘டேக் எ டேப்லட்’, குட்டித் தூக்கத்துக்கு ‘ஹேவ் எ நேப்’, லைட்டுக்கு ‘டர்ன் ஆன் த லைட்’. தமிழில் ஒன்றாக இருந்த வினை அங்கே ஆறு வினைகளாகப் பிரிந்துவிட்டது; ‘ஹேவ்’ மட்டும் இரண்டு முறை வருகிறது.

ஆகவே ‘போடு’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடினால் ஒவ்வொரு முறையும் தவறுவோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘ஃபைட்’ என்ற பெயர் எந்த வினையோடு போகும்? ‘டேப்லட்’ எதோடு போகும்? பெயரை முதலில் வைத்து, அதற்கு உரிய வினையைத் தேடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற படிகள் எல்லாம் இதன் விரிவுதான்.

1980-களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் கோபில்ட் என்ற அகராதித் திட்டம் நடந்தது. உண்மையான எழுத்தையும் பேச்சையும் கணினியில் பெருமளவு திரட்டி, சொற்கள் எப்படி வருகின்றன என்று பார்த்தார்கள். ‘டேக்’ போன்ற சொற்கள் கையால் எடுப்பது என்ற நேரடிப் பொருளில் வருவதைவிட, ‘டேக் பிளேஸ்’, ‘டேக் ஆக்‌ஷன்’ போன்ற சேர்க்கைகளில்தான் அதிகம் வருகின்றன என்பது அதில் தெரிந்தது. அதாவது ஒரு வினை எவ்வளவு சாதாரணமானதோ, அவ்வளவுக்கு அது தன் சொந்த அர்த்தத்தை இழந்திருக்கும். நம் ‘போடு’வும் ‘பண்ணு’வும் அப்படித்தான்.

இரண்டாம் படி: ‘மேக்’, ‘டூ’

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. காரணம் ‘பண்ணு’. தப்பு பண்ணினேன், முயற்சி பண்ணினேன், போன் பண்ணினேன், வேலை பண்ணினேன் என்று எல்லாவற்றுக்கும் ஒன்றையே சொல்லிப் பழகியதால் ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. சரியானது ‘ஐ மேட் எ மிஸ்டேக்’.

தோராயமான விதி ஒன்று உண்டு. முடிவில் ஏதோ ஒன்று புதிதாக உண்டாகிறது என்றால் ‘மேக்’. செய்துகொண்டே இருக்கும் வேலை, கடமை என்றால் ‘டூ’.

தவறு, முடிவு, திட்டம், வாக்குறுதி, சத்தம், பட்டியல், யோசனை, முன்னேற்றம், புகார், சாக்குப்போக்கு, நண்பர்கள், பணம் எல்லாம் ‘மேக்’ வீட்டுப் பிள்ளைகள். ‘மேக் எ டெசிஷன்’, ‘மேக் எ ப்ராமிஸ்’, ‘மேக் எ நாய்ஸ்’, ‘மேக் ப்ராக்ரஸ்’, ‘மேக் ஃப்ரெண்ட்ஸ்’, ‘மேக் அன் எஃபர்ட்’, ‘மேக் எ ஃபோன் கால்’.

வீட்டுப்பாடம், வீட்டு வேலை, உடற்பயிற்சி, ஆராய்ச்சி, வியாபாரம், உதவி, பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல் ஆகியவை ‘டூ’. ‘டூ ஹோம்வர்க்’, ‘டூ ரிசர்ச்’, ‘டூ மீ எ ஃபேவர்’, ‘டூ த டிஷஸ்’, ‘டூ த லாண்ட்ரி’, ‘டூ யுவர் பெஸ்ட்’.

இந்த விதி வழிகாட்டுமே தவிர முழுசாகக் காப்பாற்றாது. காலையில் படுக்கையைச் சரிசெய்வது தினசரி வேலைதான், ஆனாலும் ‘மேக் த பெட்’. சேதம் புதிதாக உண்டாகும் ஒன்றுதான், ஆனாலும் ‘டூ டேமேஜ்’, ‘டூ ஹார்ம்’. இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பானையை வனைகிறோம் என்பது போல அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

‘டேக் எ டெசிஷன்’ தப்பா என்று பலர் கேட்பார்கள். தப்பில்லை. ‘முடிவு எடு’ என்பதற்கு நேராக வரும் அந்தத் தொடரைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கர்கள் ‘மேக்’ என்றே சொல்வார்கள். ‘மேக்’ சொன்னால் இரண்டு இடத்திலும் செல்லும்.

மூன்றாம் படி: நம் கையில் ஏற்கெனவே இருக்கும் முதல்

எல்லாமே புதிது என்று மலைக்க வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத குடும்பங்கள். ஆனாலும் சில வினைகள் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. முதலில் இவற்றை எடுத்துக்கொண்டால் நம்பிக்கை வரும்.

‘எடு’வும் ‘டேக்’கும் பாருங்கள். போட்டோ எடு, குறிப்பு எடு, நடவடிக்கை எடு, விடுப்பு எடு, பங்கெடு. ‘டேக் எ ஃபோட்டோ’, ‘டேக் நோட்ஸ்’, ‘டேக் ஆக்‌ஷன்’, ‘டேக் லீவ்’, ‘டேக் பார்ட்’. ஓய்வு எடு என்பதும் ஏறக்குறைய ஒத்துவரும். ஆனால் ‘டேக் ரெஸ்ட்’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘டேக் எ ரெஸ்ட்’ அல்லது ‘கெட் சம் ரெஸ்ட்’ என்பார்கள்.

‘பிடி’யும் ‘கேட்ச்’சும் இன்னும் நெருக்கம். மீன் பிடி, திருடனைப் பிடி, பஸ்ஸைப் பிடி, தீப்பிடி, சளி பிடி. ஐந்துக்கும் ஆங்கிலத்தில் ‘கேட்ச்’தான். ‘த ஹவுஸ் காட் ஃபயர்’ என்றால் வீடு தீப்பிடித்தது (இங்கே ‘காட்’ என்பது ‘கேட்ச்’சின் இறந்தகாலம்). ஒரே ஒரு வித்தியாசம்: தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது, ஆங்கிலத்தில் நாம் சளியைப் பிடிக்கிறோம். ‘ஐ காட் எ கோல்ட்’.

எனக்கு மிகவும் பிடித்தது ‘செலுத்து’. கட்டணம் செலுத்துகிறோம், கவனம் செலுத்துகிறோம், அஞ்சலி செலுத்துகிறோம், மரியாதை செலுத்துகிறோம். ஆங்கிலத்தில் ‘பே த ஃபீஸ்’, ‘பே அட்டென்ஷன்’, ‘பே ட்ரிப்யூட்’, ‘பே ரெஸ்பெக்ட்ஸ்’. நான்கும் ஒத்துப்போகின்றன. ‘கிவ் அட்டென்ஷன்’ என்று எழுதப் போகும்போதெல்லாம் ‘கவனம் செலுத்து’ என்று மனதில் சொல்லிப் பாருங்கள், ‘பே’ தானாக வரும். ஐந்தாவதாக ஒன்று மட்டும் தமிழில் கிடையாது: ஒருவரைப் போய்ப் பார்ப்பது ‘பே எ விசிட்’.

வாக்கைக் காப்பாற்று என்பது ‘கீப் எ ப்ராமிஸ்’, ரகசியம் காப்பது ‘கீப் எ சீக்ரெட்’. சாதனையை முறியடிப்பது ‘ப்ரேக் எ ரெக்கார்ட்’. ஆனால் சாதனை படைப்பது ‘செட் எ ரெக்கார்ட்’. அங்கே ‘கிரியேட்’ வராது. நம் ஊர்ச் செய்திகளில் ‘கிரியேட்’ அடிக்கடி வருவதால் கவனமாக இருங்கள்.

நான்காம் படி: ‘ஹேவ்’ என்ற ஊமை வினை

தமிழில் ‘ஹேவ்’ கிடையாது. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்போமே தவிர ‘நான் ஒரு தம்பியை உடையேன்’ என்று யாரும் பேச மாட்டோம். அதனால் ‘ஹேவ்’ நம் வாயில் எளிதில் வராது. ஆங்கிலத்திலோ அதுதான் அன்றாட வாழ்க்கையின் பாதி.

சாப்பிடுவது ‘ஹேவ் ப்ரேக்ஃபாஸ்ட்’, குளிப்பது ‘ஹேவ் எ பாத்’, ஒருமுறை பார்ப்பது ‘ஹேவ் எ லுக்’, அரட்டை அடிப்பது ‘ஹேவ் எ சாட்’, வாக்குவாதம் செய்வது ‘ஹேவ் அன் ஆர்க்யுமென்ட்’. கனவை நாம் காண்கிறோம், அவர்கள் ‘ஹேவ்’ செய்கிறார்கள். ‘ஐ சா எ ட்ரீம்’ என்று சொன்னால் கேட்பவர் ஒரு கணம் தயங்குவார்; ‘ஐ ஹேட் எ ட்ரீம்’ என்பதே வழக்கு. நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது, அவர்களுக்கு ‘ஹேவ் எ ஃபீவர்’. தலைவலியும் அப்படியே.

இந்த இடத்திலேயே ‘ஸே’, ‘டெல்’ இரண்டையும் முடித்துவிடலாம். பொய், உண்மை, கதை, நகைச்சுவை நான்கும் ‘டெல்’: ‘டெல் எ லை’, ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் எ ஜோக்’. வாயிலிருந்து வரும் சொல் அப்படியே முக்கியம் என்றால் ‘ஸே’: ‘ஸே ஸாரி’, ‘ஸே தேங்க் யூ’, ‘ஸே ஹலோ’, ‘ஸே எ ப்ரேயர்’.

ஐந்தாம் படி: ‘வந்தது’, ‘போச்சு’ என்பவற்றை உரிச்சொல்லோடு சொல்வது

இதுவரை வினையோடு பெயர். இப்போது வினையோடு உரிச்சொல், அதாவது ‘ஆங்க்ரி’, ‘ஓல்ட்’, ‘ரெட்’ போன்றவை. இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரு மொழிகளின் போக்கும் மாறுவது இங்கேதான்.

கோபம் வந்தது, பசி வந்தது, தூக்கம் வந்தது, பயம் வந்தது. தமிழில் உணர்ச்சி ஒரு பெயர். அது எங்கிருந்தோ நம்மிடம் வருகிறது. ஆங்கிலத்தில் உணர்ச்சி ஒரு நிலை. நாம்தான் அந்த நிலைக்குப் போகிறோம். அதனால் ‘ஐ காட் ஆங்க்ரி’, ‘ஐ காட் ஹங்க்ரி’, ‘ஐ ஃபெல்ட் ஸ்லீப்பி’, ‘ஐ காட் ஸ்கேர்ட்’ (இந்தக் ‘காட்’ ‘கெட்’டின் இறந்தகாலம்). ‘எனக்கு’ என்று தொடங்கிய வாக்கியம் ‘ஐ’ என்று தொடங்கும், பெயர் உரிச்சொல்லாக மாறும். இந்த ஒரு மாற்றத்தைப் பழகிக்கொண்டால் பேச்சு சட்டென்று இயல்பாகிவிடும்.

ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதற்குப் பாடப்புத்தகம் ‘பிகம்’ என்று ஒன்றைக் கற்றுத்தரும். அது தப்பில்லை, ஆனால் கொஞ்சம் விறைப்பானது. அன்றாடப் பேச்சில் மாற்றத்தின் தன்மைக்கு ஏற்ப வினையும் மாறும்.

‘கெட்’ எல்லா இடத்துக்கும் போகும் பொது ஆள். ‘கெட் டயர்ட்’, ‘கெட் வெட்’, ‘கெட் ரெடி’, ‘கெட் பெட்டர்’, ‘கெட் மேரீட்’, ‘கெட் லாஸ்ட்’. சந்தேகம் வந்தால் இதையே எடுங்கள், பெரும்பாலும் காப்பாற்றும்.

‘கோ’ பெரும்பாலும் கெட்ட திசையில் போகும். தமிழர்களுக்கு இது மிக எளிது, ஏனென்றால் நம் ‘போ’வும் அதே வேலையைச் செய்கிறது. கெட்டுப் போச்சு, அழுகிப் போச்சு, காணாமல் போச்சு, மரத்துப் போச்சு, தப்பாப் போச்சு என்று நாம் சொல்வதையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ‘கோ பேட்’, ‘கோ ராட்டன்’, ‘கோ மிஸ்ஸிங்’, ‘கோ நம்ப்’, ‘கோ ராங்’. கண் தெரியாமல் போவது ‘கோ ப்ளைண்ட்’, காது கேட்காமல் போவது ‘கோ டெஃப்’, திவாலாகிப் போவது ‘கோ பேங்க்ரப்ட்’. தலையில் வழுக்கை விழுவதும் ‘கோ பால்ட்’தான். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள், விரும்பாத மாற்றத்தைக் குறிக்க ஒரே வினையைத் தேர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

ஆனால் எல்லைக்கோட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். களைத்துப் போவது ‘கெட் டயர்ட்’, பயந்து போவது ‘கெட் ஸ்கேர்ட்’, நோயில் விழுவது ‘ஃபால் இல்’ அல்லது ‘கெட் இல்’, வயதாவது ‘கெட் ஓல்ட்’. இந்த நான்கிலும் ‘கோ’ வராது. நிறத்தோடு வரும்போது ‘கோ’வில் கெட்ட பொருளும் இருக்காது: ‘கோ ரெட்’ என்றால் சிவப்பது, அவ்வளவுதான்.

நிறத்துக்கும் வானிலைக்கும் ‘டர்ன்’ பொருந்தும். இலை மஞ்சளாவது ‘டர்ன் யெல்லோ’, முகம் வெளிறுவது ‘டர்ன் பேல்’, குளிரத் தொடங்குவது ‘டர்ன் கோல்ட்’. நாற்பது வயது நிறைவதும் ‘டர்ன் ஃபார்ட்டி’. மெதுவாக, படிப்படியாக நடப்பது ‘க்ரோ’: ‘க்ரோ ஓல்ட்’, ‘க்ரோ டார்க்’, ‘க்ரோ இம்பேஷன்ட்’. நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் நழுவி விழுவது ‘ஃபால்’: ‘ஃபால் அஸ்லீப்’, ‘ஃபால் சைலன்ட்’. கனவு நனவாவது ‘கம் ட்ரூ’, கட்டு அவிழ்வது ‘கம் லூஸ்’. ஆறோ கிணறோ வற்றுவது ‘ரன் ட்ரை’.

மாறாமல் இருப்பதற்கும் வினை உண்டு. ‘கீப் கொயட்’, ‘கீப் காம்’, ‘ஸ்டே அவேக்’, ‘ஸ்டே ஹெல்தி’. இன்னொருவரை ஒரு நிலைக்குத் தள்ளுவது ‘மேக்’: ‘இட் மேட் மீ ஹேப்பி’. பைத்தியம் பிடிக்க வைப்பதற்கு மட்டும் ‘ட்ரைவ்’ என்ற தனி வினை: ‘ட்ரைவ் மீ மேட்’, ‘ட்ரைவ் மீ க்ரேஸி’. ‘ட்ரைவ் மீ ஹேப்பி’ என்று எவரும் சொல்வதில்லை.

ஆறாம் படி: நடுவில் உட்காரும் உரிச்சொல்

‘நன்றாகத் தூங்கினேன்’ என்பதை ‘ஐ ஸ்லெப்ட் வெல்’ என்று சொல்லலாம். ‘ஐ ஹேட் எ குட் ஸ்லீப்’ என்றும் சொல்லலாம். வினையைப் பெயராக்கி, எப்படி என்பதை உரிச்சொல்லாக்கி நடுவில் வைப்பது ஆங்கிலத்துக்கு மிகவும் பிடித்த வேலை. ‘டேக் எ டீப் ப்ரெத்’ என்றால் மூச்சை ஆழமாக இழுப்பது. ‘ஹேவ் எ க்விக் லுக்’ என்றால் சட்டென்று ஒரு பார்வை பார்ப்பது. ‘மேக் எ சீரியஸ் மிஸ்டேக்’, ‘டேக் எ லாங் டைம்’. சேர்க்கையை இப்படி மூன்று சொல்லாக வளர்த்துக்கொண்டால் எழுத்தில் நல்ல கனம் கூடும்.

அந்த உரிச்சொல்லுக்கும் பெயருக்கும் இடையிலும் ஒரு சேர்க்கை இருக்கிறது. கனமழைக்கு ‘ஹெவி ரெயின்’, பலத்த காற்றுக்கு ‘ஸ்ட்ராங் விண்ட்’; இரண்டும் தமிழோடு ஒத்துப்போகும். டீக்கடையில் கேட்கும் ‘ஸ்ட்ராங் டீ’யும் சரியான ஆங்கிலமே. இடறுவது ‘நல்ல’ என்ற சொல்லில். ‘நல்ல காய்ச்சல்’, ‘நல்ல அடி’ என்று அளவைச் சொல்லத் தமிழில் ‘நல்ல’ வரும். ‘குட் ஃபீவர்’ என்று மருத்துவரிடம் சொல்லிவிடாதீர்கள். அது ‘ஹை ஃபீவர்’.

ஏழாம் படி: குறிப்பேடும் சரிபார்ப்பும்

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் வினையை எழுதாமல் பெயரை எழுதுங்கள். ‘ப்ராமிஸ்’ என்று எழுதி அதன் கீழே மேக், கீப், ப்ரேக். ‘டெசிஷன்’ கீழே மேக், ரீச், இடையில் ‘டஃப்’, ‘ஃபைனல்’. ‘மீட்டிங்’ கீழே ஹேவ், ஹோல்ட், அட்டெண்ட். நாளைக்கு மூன்று பக்கம் போதும். அகராதியின் ‘மேக்’ பக்கத்தை மேலிருந்து கீழே மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு; இரண்டு நாளில் கரைந்துவிடும்.

எழுதும்போது ‘எ’ வருகிறதா இல்லையா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ‘மேக் எ ப்ளான்’, ஆனால் ‘மேக் ப்ராக்ரஸ்’. ‘ஹேவ் எ சாட்’, ஆனால் ‘ஹேவ் ஃபன்’. ‘டேக் பார்ட்’, ‘டேக் பிளேஸ்’, ‘டேக் கேர்’, ‘கேட்ச் ஃபயர்’ எதிலும் ‘எ’ கிடையாது.

அகராதியிலும் பெயர்ச்சொல்லைத்தான் பார்க்க வேண்டும். கற்போருக்கான நல்ல அகராதிகளில் அந்தப் பதிவிலேயே எந்த வினை சேரும் என்று எடுத்துக்காட்டு இருக்கும். இரண்டு தொடர்களில் எது வழக்கு என்று ஐயம் வந்தால் கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவரில் இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதித் தேடுங்கள். அச்சான நூல்களில் எது அதிகம் வந்தது என்று கோடு போட்டுக் காட்டும். பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தைத் தனித்தனியாகவும் பார்க்கலாம். இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற மொழித் திரட்டு இருக்கிறது. ஒரு பெயரைக் கொடுத்தால் அதன் பக்கத்தில் அதிகம் வரும் வினைகளைப் பட்டியலிடும்.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். அங்கே எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம். ஏழாம் பேண்டுக்கான, அதாவது ஏழாம் மதிப்பெண் நிலைக்கான விளக்கத்தில் கொலொகேஷன் என்ற சொல்லே இருக்கிறது. ‘ரைட் அன் எக்ஸாம்’ போன்றவை இந்தியாவில் வழக்கில் உள்ள ஆங்கிலம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிரிட்டனில் ‘டேக் அன் எக்ஸாம்’ அல்லது ‘சிட் அன் எக்ஸாம்’ என்பார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. கீழே உள்ளதை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

‘நேற்று ராத்திரி ஒரு கெட்ட கனவு கண்டேன். காலையில் தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டு குட்டித் தூக்கம் போட்டேன். வெளியே பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். கோபம் வந்தது. காபி போடலாம் என்று போனால் பால் கெட்டுப் போயிருந்தது.’

சொல்லிவிட்டீர்களா? சரி, இப்போது ஒப்பிடுங்கள்:

‘ஐ ஹேட் எ பேட் ட்ரீம் லாஸ்ட் நைட். ஐ ஹேட் எ ஹெடேக் இன் த மார்னிங். ஐ டுக் எ டேப்லட் அண்ட் ஹேட் எ நேப். த சில்ட்ரன் அவுட்சைட் வேர் மேக்கிங் எ நாய்ஸ். ஐ காட் ஆங்க்ரி. ஐ வென்ட் டு மேக் சம் காபி, பட் த மில்க் ஹேட் கான் பேட்.’

தமிழில் ‘போடு’ வந்த நான்கு இடங்களையும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்த வினை வந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் நடந்ததை வைத்து இதே மாதிரி ஆறு வரி எழுதுங்கள்.